‘என்ன வேலை பாக்குறீங்க?’ என்பது தப்பான கேள்வி

எங்க ராமநாதபுரம் மாவட்டத்தைப் பத்தி வெளியூர்க்காரங்களுக்கு ரெண்டு விஷயம் தெரியும். ஒண்ணு, ராமேஸ்வரம் கோயில். இன்னொண்ணு, ‘தண்ணியில்லாக் காடு’. மேலதிகாரிக்குப் பிடிக்காத அரசு ஊழியரை மாத்தி விடுற இடம். மூணாவதா ஒண்ணு நான் சொல்றேன், கேட்டுக்கங்க. ஒரே ஒரு வேலையை மட்டும் பாத்துப் பிழைக்கிற ஆளை எங்க பக்கம் தேடித்தான் கண்டுபிடிக்கணும். வாத்தியார், கிராம நிர்வாக அலுவலர், பஸ் டிரைவர்னு மாசச் சம்பளக்காரங்க சில பேர் இருக்காங்க. மத்தவங்களுக்கு மூணு தொழில், நாலு தொழில். அதுவும் ஒரே வருஷத்துக்குள்ள.

நகரத்திலிருந்து வருகிற நண்பர்கள் ரோட்டுல போற ஆளைக் காட்டி, “இவர் என்ன வேலை பாக்குறாரு?”ன்னு கேப்பாங்க. மரியாதையான கேள்விதான். மாசம் முப்பது நாளும் ஒரே நாற்காலியில உக்காந்து சம்பளம் வாங்குறவங்களுக்கு அப்படித்தான் கேக்கத் தோணும். ஆனா இதே கேள்வியை அரசாங்கம் கேக்குது, பேங்க் கேக்குது, பிள்ளைகளோட பள்ளிக்கூட விண்ணப்பம் கேக்குது. எல்லாரும் ஒத்தை வார்த்தையில பதில் எழுதச் சொல்றாங்க. அந்த ஒத்தை வார்த்தையால எங்க ஆளுக நிவாரணத்தை இழக்குறாங்க. பொம்பளைங்க கணக்கிலிருந்தே காணாமப் போறாங்க. இந்தப் பதிவு அந்தக் கேள்விக்கு எதிரானது.

முதல்ல என் வருஷத்தைச் சொல்லிடுறேன். திருப்புல்லாணி பக்கம் எனக்கு இருக்கிறது மூணு ஏக்கருக்கும் குறைவு. கண்மாய்ப் பாசனம். கண்மாய்க் கரையில நின்னா கடல் காத்து மூஞ்சியில அடிக்கும். ஆவணி கடைசியில புழுதி உழவு ஓட்டி, நெல்லை விதைச்சுட்டு வானத்தைப் பாப்போம். ஐப்பசி, கார்த்திகையில மழை பெஞ்சு கண்மாயில தண்ணி நின்னா தையில அறுப்பு. மேட்டு நிலத்துல குண்டு மிளகாய். இதுக்கு 2023ல புவிசார் குறியீடு கிடைச்சது, பத்திரிகையில பாத்திருப்பீங்க. மாசியில பழம் பறிக்க ஆரம்பிச்சு, சித்திரை வெயில்ல காயப்போட்டு, மூட்டை கட்டி எட்டிவயலுக்கோ பரமக்குடிக்கோ கொண்டுபோனா வெள்ளாமை முடிஞ்சது.

அப்புறம் ஆவணி வரைக்கும் என்ன செய்ய? நிலம் சும்மா கிடக்கும், வயிறு சும்மா கிடக்காது. சீமைக்கருவேலத்தை வெட்டி கரிமூட்டம் போடுவேன். ஆடி அமாவாசைக்கு சேதுக்கரைக்கும் ராமேஸ்வரத்துக்கும் கூட்டம் வரும், மச்சான் வண்டியை வாங்கி ஓட்டுவேன். வீட்டுல எட்டு ஆடு நிக்குது. மூட்டத்துல வந்த காசுலதான் விதைநெல்லு வாங்குறேன். ஆட்டை வித்துத்தான் உரம். இப்ப சொல்லுங்க, நான் விவசாயியா, கரிமூட்டக்காரனா, டிரைவரா? விவசாயின்னு சொல்லிக்க எனக்குப் பெருமைதான். ஆனா மத்த ரெண்டும் இல்லாட்டி அந்த விவசாயமே நடக்காது. அதை எந்தப் படிவத்துலயும் எழுத இடமில்லை.

எங்க ஆளுககிட்ட “என்ன வேலை?”ன்னு கேட்டா “கூலி”ன்னு சொல்லி முடிச்சிடுவாங்க. அப்படிக் கேக்காதீங்க. “போன ஐப்பசியில என்ன பண்ணீங்க, பங்குனியில என்ன பண்ணீங்க?”ன்னு மாசத்தை வச்சுக் கேளுங்க. அப்பத்தான் ஆளு வாயைத் திறப்பாரு. சாயல்குடி பக்கம் எனக்குப் பழக்கமான பெரியவர் ஒருத்தர்கிட்ட அப்படிக் கேட்டேன். அவர் சொன்னது:

“மாசி பொறந்தா பனைதான் தம்பி. முப்பது மரம். காலையில ஒருக்கா, சாயந்தரம் ஒருக்கா ஏறணும். பாளையைச் சீவாம விட்டா மறுநாள் சொட்டாது. காய்ச்சக் கிடந்தாலும் ஏறித்தான் ஆகணும். ஆடியோட பனை ஓஞ்சிரும். அப்ப ஓலை வெட்டுவேன், வேலி அடைப்பேன். மழை விழுந்தா வரப்பு வெட்ட, களத்து வேலைக்குக் கூப்பிடுவாங்க. அது இல்லாத நாளுல கரைவலை இழுக்கப் போவேன். பாடு நல்லா இருந்தா பங்கு, இல்லாட்டி குழம்புக்கு மீனு.”

ஒரு மனுஷன். மரத்து உச்சியும் அவருக்குத் தெரியும், மண்ணும் தெரியும், கடல் நீரோட்டமும் தெரியும். இவருக்கு அரசாங்கக் கணக்குல பேரு ‘கூலி’.

அவர் வீட்டு அக்காகிட்ட, “நீங்க என்ன வேலை பாக்குறீங்கக்கா?”ன்னு கேட்டேன். “எனக்கென்ன தம்பி, வீட்டுல சும்மாதான் இருக்கேன்”னாங்க. சொல்லும்போது அந்த அம்மா கையில துடுப்பு இருக்கு, அடுப்புல பதநீர் கொதிக்குது. ஒரு கிலோ கருப்பட்டிக்கு ஏழெட்டு லிட்டர் பதநீர் வேணும். சுண்ணாம்பு தடவின கலயத்துல இறங்குற பதநீரை வடிகட்டி, மணிக்கணக்கா கிண்டி, பதம் பாத்து சிரட்டையில ஊத்தணும். பதம் தப்பினா கருப்பட்டி இறுகாது, அன்னைக்குப் பாடு அத்தனையும் போச்சு. அடுப்புக்கு விறகும் அந்த அக்காதான் பொறுக்கிட்டு வரணும். நீங்க சென்னையில ஆர்கானிக் கடையில வாங்குற கருப்பட்டியைச் செஞ்சவங்க ‘சும்மா’ இருக்கிறவங்க. பனை ஏறுறவருக்காவது பனையேறின்னு ஒரு பேர் இருக்கு. பதநீரைக் கருப்பட்டி ஆக்குறவங்களுக்கு எந்தப் பேரும் இல்லை. கேள்வி கேட்டவங்க அந்த அம்மாவுக்கே அந்தப் பதிலைப் பழக்கி வச்சிருக்காங்க.

கரிமூட்டமும் அப்படித்தான். வெட்டுறது யாருன்னாலும் வெட்டலாம். மூட்டம் போடுறது தனி வித்தை. கட்டையை அளவு பாத்து அடுக்கணும், மேல இலைதழை போட்டு மண்ணால பூசணும், தீ வச்சதுக்கு அப்புறம் ராத்திரி பகலா காவல் கிடக்கணும். எங்கயாவது மண்ணு வெடிச்சுக் காத்து உள்ள போச்சுன்னா கரி கிடைக்காது, சாம்பல்தான் மிஞ்சும். புகை வெள்ளையா வருதா, நீலமா மாறுதான்னு பாத்து எப்ப மூச்சை அடைக்கணும்னு முடிவு பண்ணணும். சீமைக்கருவேலம் நிலத்தைக் கெடுக்குதுன்னு நீதிமன்றமே 2017ல வெட்டச் சொல்லுச்சு. அந்த மரத்துக்கு நான் வக்காலத்து வாங்கலை, என் வயலையும் அது விழுங்கத்தான் பாக்குது. ஆனா ஒழிக்கணும்னு பேசின எத்தனை பேரு, அதை வச்சு அரை வருஷம் சோறு திங்கிற ஆளுக யாருன்னு கேட்டாங்க? அவங்க எந்தப் பட்டியல்லயும் கரித் தொழிலாளியா இல்லாததால கேக்கவும் தோணலை.

ஒரு வேலைக்கு ஒரு அட்டைன்னு வச்சா என்ன ஆகும்னு என் சொந்தத்துலயே பாத்தேன். தாய்மாமா மகன் ஒருத்தர். வருஷத்துல பாதி நாள் கட்டட வேலை, அதுக்கு நலவாரிய அட்டை வச்சிருந்தார். மீதி நாள் பனை. பங்குனி மாசம் ஒரு காலையில மரத்திலிருந்து விழுந்து இடுப்பு எலும்பு போச்சு. உதவி கேட்டு அலையுறப்ப ஒரு அலுவலகத்துல கேட்டாங்களாம்: “உங்க அட்டையில இருக்கிற தொழில் வேற, நீங்க விழுந்தது வேற தொழில்ல. நாங்க என்ன பண்ண முடியும்?” மனுஷன் ஒருத்தர்தான், இடுப்பும் ஒண்ணுதான். ஆனா அட்டைக்குள்ள இருக்கிற ஆளு விழலையாம், அட்டைக்கு வெளிய இருக்கிற ஆளு விழுந்துட்டாராம். இன்னைக்கு அவர் கம்பு ஊனி நடக்கிறார். வீட்டைச் சுமக்கிறது அத்தாச்சி. அவங்களுக்கு எத்தனை வேலைன்னு எண்ணினா என் விரல் பத்தாது.

இது ஏதோ ஒரு அலுவலகத்தோட குணக்கேடுன்னு நினைச்சுடாதீங்க. நாடு பூராவும் ஆளை எண்ணுற முறையே இப்படித்தான். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை எடுத்துக்கங்க. வருஷத்துல ஆறு மாசம், அதாவது 183 நாள் வேலை பாத்திருந்தா ‘மெயின் வொர்க்கர்’. அதுக்குக் கீழ போனா ‘மார்ஜினல் வொர்க்கர்’, ஓரத்து ஆளு. அப்புறம் எல்லாரையும் நாலு கட்டத்துக்குள்ள போடணும்: சாகுபடி செய்றவர், விவசாயக் கூலி, வீட்டுத் தொழில் செய்றவர், ‘மற்றவர்’. 1991 கணக்கெடுப்பு வரைக்கும் ஒன்பது கட்டம் இருந்துச்சு. அதுல கால்நடை, காடு, மீன்பிடிக்குன்னு தனியா ஒரு கட்டம் இருந்துச்சு. 2001ல அதைச் சுருக்கி நாலாக்கினாங்க. அதனால அந்த முதல் கணக்குல மீன் பிடிக்கிறவரும், கலெக்டர் ஆபீஸ் கிளார்க்கும், பேங்க் மேனேஜரும், கோயில் குருக்களும் ஒரே கட்டம். ‘மற்றவர்’. இருநூறு கிலோமீட்டருக்கு மேல கடற்கரை வச்சிருக்கிற மாவட்டம் இது. இங்க மீனவர் ‘மற்றவர்’.

இந்த 183 நாள் கணக்கைப் பாம்பன் சின்னப்பாலத்துல கொண்டுபோய் வச்சுப் பாருங்க. பாம்பன் பாலத்துல நின்னு செல்ஃபி எடுக்குறீங்களே, அங்கேயிருந்து தெற்கே பாத்தா தெரியுற கரை. அந்த ஊருலயும், மண்டபம், ஏர்வாடி வரைக்கும் உள்ள மத்த கரையூர்கள்லயும் பொம்பளைங்க தலைமுறையா கடல்பாசி எடுக்குறாங்க. விரல்ல துணியைச் சுத்திக்கிட்டு, கண்ணாடி மாட்டிக்கிட்டு, இடுப்புல பையைக் கட்டிக்கிட்டு மூச்சைப் பிடிச்சுத் தண்ணிக்குள்ள போவாங்க. சிலிண்டர் கிடையாது, குழாய் கிடையாது. பாறையில கை கிழியும், உப்புத் தண்ணி அதுல ஏறும். மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப் பாசி, கட்டக்கோரைன்னு ஒவ்வொண்ணுக்கும் பேரு, ஒவ்வொண்ணுக்கும் இடம், ஒவ்வொண்ணுக்கும் காலம் அவங்களுக்குத் தெரியும். மரிக்கொழுந்துலேர்ந்து அகர் எடுக்குறாங்க, கட்டக்கோரையிலேர்ந்து அல்ஜினேட். நீங்க சாப்பிடுற ஜெல்லியிலயும் ஐஸ்கிரீம்லயும், ஆஸ்பத்திரி லேபுல கிருமி வளக்குற தட்டுலயும், துணிக்குச் சாயம் போடுற பட்டறையிலயும் இந்தச் சரக்கு இருக்கு.

1986ல மன்னார் வளைகுடாவுல 21 தீவையும் சுத்தி உள்ள கடலையும் தேசியப் பூங்கான்னு அறிவிச்சாங்க. 560 சதுர கிலோமீட்டர். பவளப்பாறையைக் காப்பாத்தணும், அதுல எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனா அந்தத் தண்ணிக்குள்ள தினமும் இறங்கிக்கிட்டிருந்த பொம்பளைங்க அந்த அறிவிப்புக்கு அப்புறம் அத்துமீறி நுழையுறவங்களா ஆகிட்டாங்க. பாட்டி காலத்துலேர்ந்து போன இடத்துக்குப் போனா குத்தம். இவங்க என்ன தொழிலாளின்னு எந்தப் பேரேட்டுலயாவது முன்னாடியே எழுதியிருந்தா, கோடு கிழிக்கிறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேட்டிருப்பாங்க. ஏட்டுல பேரில்லாத தொழிலை அழிச்சா, அழிச்சதாகக் கணக்குல வராது.

அந்தப் பொம்பளைங்க என்ன செஞ்சாங்க தெரியுமா? ஒண்ணா சேந்தாங்க. தங்களுக்குத் தாங்களே கட்டுப்பாடு போட்டுக்கிட்டாங்க. அமாவாசையை ஒட்டி ஆறு நாள், பௌர்ணமியை ஒட்டி ஆறு நாள், மாசத்துக்குப் பன்னெண்டு நாள்தான் பாசிக்குப் போறது. இரும்பு வச்சுச் சுரண்டக் கூடாது, கையாலதான் பறிக்கணும். மீன்பிடித் தடைக்காலத்துல பாசிக்கும் ஓய்வு. அவங்கள்ல ஒருத்தரான சின்னப்பாலம் லட்சுமி மூர்த்திக்கு 2015ல அமெரிக்காவின் ஸீகாலஜி அமைப்பு விருது கொடுத்துச்சு. தீவுகளைக் காப்பாத்துறவங்களுக்குக் கொடுக்கிற விருது அது. எந்தக் கடலைக் கெடுக்கிறாங்கன்னு இவங்க மேல பழி விழுந்துச்சோ, அந்தக் கடலைக் காத்ததுக்கு விருது.

இப்ப கணக்குப் போடுங்க. தடைக்காலம் 61 நாள். ஏப்ரல் 15லேர்ந்து ஜூன் 14 வரைக்கும். முன்னாடி 45 நாளா இருந்தது 2017லேர்ந்து 61 ஆச்சு. ரெண்டு மாசம் அதுல போனா மிச்சம் பத்து மாசம். மாசத்துக்குப் பன்னெண்டு நாள். ஆக 120 நாள். 183க்கு 63 நாள் குறையுது. கடலைக் காப்பாத்தணும்னு தாங்களா நாளைக் குறைச்சுக்கிட்டாங்க. குறைச்சதனாலேயே அந்தத் தொழில் மட்டும் வச்சு அவங்க முழுத் தொழிலாளி ஆக முடியாது, ஓரத்து ஆளுதான். மீதி நாளு சும்மாவா இருக்காங்க? கருவாடு போடுறாங்க, வலை பின்னுறாங்க, எங்க பக்கம் மிளகாய் பறிக்க வர்றாங்க, நெல் அறுப்புக்கு வர்றாங்க. எல்லா நாளையும் கூட்டினா முந்நூறு தாண்டும். ஆனா எதுல அதிக நாளோ அந்த ஒரு கட்டத்துக்குள்ள போட்டுட்டா மத்தது எல்லாம் காத்துல போச்சு. பாதி பேரு விஷயத்துல அதுகூட இல்லை. வாசல்ல உக்காந்திருக்கிற ஆம்பளைகிட்ட கேட்டா “வீட்டுல இருக்கா”ன்னு ஒரு வார்த்தையில முடிச்சிடுவார்.

எங்க விவசாயிகளுக்கும் ஒண்ணு சொல்லணும். “இப்பல்லாம் ஆளுக சோம்பேறி ஆயிட்டாங்க, கூப்பிட்டா வேலைக்கு வர்றதில்லை”ன்னு டீக்கடையில உக்காந்து பேசுறோம். நகரத்து நண்பர்களும் அதைக் கேட்டுட்டு ஊருக்குப் போய் எழுதுறாங்க. அண்ணே, பழம் பறிக்க அந்தம்மா இன்னைக்கு வரலைன்னா காலண்டரை எடுத்துப் பாருங்க. அமாவாசையா இருக்கும். கடல்ல தண்ணி வத்தியிருக்கும், பாசிக்குப் போயிருப்பாங்க. உங்க வயல் அவங்களுக்கு நாலு வேலையில ஒரு வேலை. அந்த ஒரு வேலைக்கு நீங்க கொடுக்குற கூலியில வருஷம் பூரா சாப்பிட முடியும்னா அவங்க ஏன் மூச்சைப் பிடிச்சுக்கிட்டுக் கடலுக்குள்ள போறாங்க?

நிவாரணத்துக்கு வருவோம். தடைக்காலத்துக்கு மீனவர் குடும்பத்துக்குத் தமிழக அரசு எட்டாயிரம் ரூபாய் கொடுக்குது. நல்ல காரியம். ஆனா உள்ளூரிலிருந்து போய் வருஷத்துல நாலு மாசம் படகுல கூலியா நிக்கிற ஆளு மீனவரா? சங்கத்துல பேரு இல்லை, அதனால இல்லை. மிச்ச மாசத்துக்கு அவர் விவசாயியா? பி.எம். கிசான் ஆறாயிரம் ரூபாய் பட்டா வச்சிருக்கிறவங்களுக்கு. அவர் வாரத்துக்கு உழுகிறவர், பட்டா வேற ஆளு பேர்ல. அதுவும் இல்லை. கடல்ல கேட்டா “நீ வயக்காட்டுக்காரன்”, வயல்ல கேட்டா “நிலம் உன் பேர்ல இல்லை”. ரெண்டு ஆத்துத் தண்ணி குடிக்கிறவன் ரெண்டு கரையிலயும் தாகத்தோட நிக்கிறான். வாரத்துக்கு உழுகிறவங்க வீட்டுப் பொம்பளைங்க நிலைமை அதுக்கும் கீழ. களை எடுத்தது, நாத்து நட்டது, பழம் பறிச்சது எல்லாம் அவங்க கை. பட்டாவுல மாமனாரோட அப்பா பேரு.

இதுக்கு ஒரு எதிர்வாதம் வரும், எனக்குத் தெரியும். “ஒரு தொழிலை எடுத்து அதுல தேர்ச்சி ஆனாத்தான் முன்னேற முடியும். நாலு வேலை பாக்குறது வறுமையோட அடையாளம். அதைப் போய் பெருமை பேசுறீங்களே”ம்பாங்க. பாதி உண்மை. வறுமையினாலதான் பாக்குறோம். நாளைக்கே ஒரு வேலையில கௌரவமா வருமானம் வந்தா, அறுபது வயசுல அந்தப் பெரியவர் எதுக்குப் பனை ஏறுறார்? ஆனா மீதிப் பாதியையும் கேளுங்க.

2016ல வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டுல 62 சதவீதம் குறைஞ்சு போச்சு. 2017 ஜனவரியில எல்லா மாவட்டத்தையும் வறட்சி மாவட்டம்னு அரசாங்கமே அறிவிச்சது. எங்க கண்மாய்ல ஆடு மேஞ்சுச்சு. அந்த வருஷம் வயலை மட்டும் நம்பியிருந்தவங்க நகையை வச்சாங்க, திருப்பூருக்குப் போனாங்க. மூட்டம், பனை, கடல்னு கை வச்சிருந்தவங்க ஊர்ல நின்னாங்க. மழை பொய்க்கிற மண்ணுல நாலு தொழில் தெரிஞ்சு வச்சுக்கிறதுதான் எங்க தாத்தன் போட்டுட்டுப் போன இன்சூரன்ஸ். பிரீமியம் உடம்பு.

ஒரே தொழிலை நம்பினா என்ன ஆகும்னு கடல்லயும் பாத்தாச்சு. 2000ஆம் ஆண்டு வாக்கில் பெப்சி நிறுவனம் மண்டபம் பக்கம் ஒப்பந்த முறையில கடல்பாசி வளர்ப்பைக் கொண்டாந்துச்சு. கப்பாஃபைகஸ்னு வெளிநாட்டுப் பாசி. மூங்கில் மிதவையில கட்டிவிட்டா 45 நாள்ல அறுப்பு. நிறைய பொம்பளைங்க மிதவைக்கு மாறினாங்க, காசும் வந்துச்சு, அதை மறுக்கலை. 2013, 14ல தண்ணி சூடேறிப் பாசி கூட்டம் கூட்டமாச் செத்துப் போச்சு. மகசூல் சரிஞ்சது. மிதவையோட பழைய பாசியையும் விடாம வச்சிருந்தவங்க சமாளிச்சாங்க, மிதவை மட்டும்னு இருந்தவங்க கடன்காரங்க ஆனாங்க. இப்ப 2023ல வளமாவூர்ல 127 கோடி ரூபாய்ல கடல்பாசிப் பூங்காவுக்கு அடிக்கல் நாட்டியிருக்காங்க. வரட்டும், வேணாம்னு சொல்லலை. ஆனா அங்க யாரைச் சேத்துக்கப் போறாங்க? ‘முழுநேரப் பாசி விவசாயி’ன்னு சொன்னாத்தான் கடன், மானியம்னு வச்சா, எங்க பொம்பளைங்களை மறுபடியும் ஒத்தைக் கால்ல நிக்கச் சொல்றதுதான்.

இன்னொரு வேடிக்கையும் பாக்குறேன். சென்னையில ஐ.டி. வேலையோட ராத்திரி யூடியூப் சேனல் நடத்தி, சனி ஞாயிறு கேக் செஞ்சு வித்தா அதுக்குப் பேரு ‘சைடு பிசினஸ்’, ‘மல்டி டேலன்ட்’. பேட்டி எடுத்துப் போடுறாங்க. எங்க அத்தாச்சி விடியக்காலம் கருவாடு கொட்டி, மத்தியானம் களை எடுத்து, சாயந்தரம் ஓலைப்பெட்டி முடைஞ்சா அதுக்குப் பேரு ‘நிரந்தர வேலை இல்லாதவர்’. ரெண்டு பேரும் ஒரே காரியத்தைத்தான் பண்றாங்க. ஒருத்தருக்கு அது விருப்பம், இன்னொருத்தருக்கு அது சோறு. சோத்துக்காகச் செஞ்சா திறமை இல்லைன்னு ஆகிடுமா?

கேள்வியை மாத்தினா பதில் மாறும், இது ஒண்ணும் நடக்காத காரியம் இல்லை. 2019ல மத்திய அரசின் புள்ளியியல் அலுவலகம் நாடு முழுக்க நேரப் பயன்பாட்டு ஆய்வு ஒண்ணு எடுத்துச்சு. “என்ன வேலை?”ன்னு கேக்காம, காலையில நாலு மணியிலேர்ந்து மறுநாள் காலையில நாலு மணி வரைக்கும் என்னென்ன செஞ்சீங்கன்னு கேட்டாங்க. சம்பளமில்லாத வீட்டு வேலை செய்றவங்கள்ல பெண்கள் சராசரியா ஒரு நாளைக்கு 299 நிமிஷம், ஆண்கள் 97 நிமிஷம்னு அப்பத்தான் தெரிஞ்சது. ‘சும்மா இருக்கேன்’னு சொன்ன அதே பொம்பளைங்கதான். 2021ல வந்த ஈ-ஷ்ரம் பதிவுலயும் முதல் தொழில், இரண்டாவது தொழில்னு ரெண்டு இடம் விட்டாங்க. ரெண்டு போதாது. ஆனா ஒண்ணுக்கு மேல எழுத இடம் விட்டா கம்ப்யூட்டர் ஒண்ணும் வெடிச்சுப் போகலைன்னு அதுல தெரிஞ்சு போச்சு.

அதனால நான் கேக்குறது பெரிசா ஒண்ணுமில்லை. நலவாரிய அட்டை தொழிலுக்கு இருக்கக் கூடாது, ஆளுக்கு இருக்கணும். மரத்துல விழுந்தாலும், மூட்டத்துல சுட்டாலும், கடல்ல மூழ்கினாலும் அடிபட்டது அந்த ஆளுதான். நிவாரணத்துக்கு ‘முழுநேரமா?’ன்னு கேக்காம, ‘எத்தனை மாசம்?’னு கேட்டு அந்த மாசத்துக்கு உள்ளதைக் கொடுக்கட்டும். கடலுக்கோ காட்டுக்கோ வேலி போடுறதுக்கு முன்னாடி, வருஷத்துல பத்து நாளாவது அதுல கை வைக்கிறவங்க யார் யாருன்னு எழுதட்டும். பொம்பளைங்க வேலையைப் பொம்பளைங்ககிட்டயே கேக்கட்டும்.

உங்ககிட்டயும் ஒண்ணு கேக்குறேன். உங்கள்ல பாதி பேரு அரசாங்க அலுவலகத்துல, பேங்க்ல, தொண்டு நிறுவனத்துல, பத்திரிகையில இருக்கீங்க. படிவம் தயார் பண்ற மேசை உங்ககிட்டதான் இருக்கு. ‘தொழில்’னு ஒரு கோடு போட்டு விடுற இடத்துல பன்னெண்டு மாசத்துக்கும் பன்னெண்டு கோடு போடுங்க. காகிதம் கொஞ்சம் கூடச் செலவாகும், அவ்வளவுதான்.

அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு 2027 மார்ச் 1ஆம் தேதியைக் கணக்கு நாளா வச்சிருக்காங்க. மாசி மாசம். பனை பாளை விட்டிருக்கும், மிளகாய் பழுத்திருக்கும். கணக்கெடுக்க வர்ற வாத்தியாரம்மா வாசல்ல நிக்கும்போது எங்க வீட்டுப் பொம்பளைங்க பாதிப் பேரு காட்டுலயோ கடல்லயோ இருப்பாங்க. எங்க ஊர் ஆம்பளைங்களுக்கு இப்பவே சொல்லி வைக்கிறேன்: “வீட்டுல சும்மா இருக்கா”ன்னு பதில் சொல்லிடாதீங்கப்பா. அவங்க வர்ற வரைக்கும் வாத்தியாரம்மாவை உக்கார வைங்க. அவங்க வேலையை அவங்களே சொல்லட்டும்.